டெக்சஸில் பயிற்சி வீட்டு இன்ஸ்பெக்டர் உரிமம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சஸில் வீடு வாங்குகிறவர், ஒப்பந்தம் போட்ட கையோடு ஒரு சிறு தொகையைக் கொடுத்துச் சில நாள் அவகாசம் வாங்கிக்கொள்வார். அதற்கு ஆப்ஷன் பீரியட் என்று பெயர். அந்த நாட்களுக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். வீட்டு இன்ஸ்பெக்டர் வருவது அந்த இடைவெளியில்தான். வாழ்நாள் சேமிப்பை ஒரு வீட்டில் போடலாமா வேண்டாமா என்று ஒரு குடும்பம் அவர் அறிக்கையைப் பார்த்து முடிவெடுக்கிறது. அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு டெக்சஸ் தனியாக ஓர் உரிமம் வைத்திருக்கிறது. பிளேனோ, பிரிஸ்கோ, கேட்டி, ஷுகர்லேண்ட் பக்கம் வாழும் தமிழர்களில் சிலர் இந்தத் தொழிலுக்கு வர யோசிக்கிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்பவை இங்கே.

அப்ரென்டிஸ் இன்ஸ்பெக்டர் என்பவர் யார்?

டெக்சஸில் வீட்டு இன்ஸ்பெக்டர்களுக்கு மூன்று படி உண்டு. முதல் படி அப்ரென்டிஸ் இன்ஸ்பெக்டர், அதாவது பயிற்சி நிலையில் இருப்பவர். நடுப்படி ரியல் எஸ்டேட் இன்ஸ்பெக்டர். மேல்படி புரொஃபஷனல் இன்ஸ்பெக்டர். மூன்றுக்கும் உரிமம் தருவது டெக்சஸ் ரியல் எஸ்டேட் கமிஷன். தொழிலில் இருப்பவர்கள் அதைச் சுருக்கமாக டிரெக் என்பார்கள். சட்டம், மாநிலத் தொழில்கள் சட்டத் தொகுப்பின் 1102ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது.

முதல் இரண்டு படிகளிலும் இருப்பவர்கள் ஒரு புரொஃபஷனல் இன்ஸ்பெக்டரை ஸ்பான்சராக, அதாவது தங்களுக்குப் பொறுப்பேற்பவராக, வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய முடியும். தன் பெயரில் தனியாகத் தொழில் நடத்தும் உரிமை மேல்படிக்கு மட்டுமே.

பயிற்சிக்குக்கூட உரிமம் வேண்டுமா? சும்மா கூடப் போய்க் கற்றுக்கொள்ள முடியாதா?

வேண்டும். வீடு வாங்குகிறவருக்கோ விற்கிறவருக்கோ பயிற்சி இன்ஸ்பெக்டராக வேலை செய்வதானால் அப்ரென்டிஸ் உரிமம் இருக்க வேண்டும் என்று சட்டம் நேராகவே சொல்கிறது. ஏணி பிடித்துக்கொண்டு நின்று வேடிக்கை பார்ப்பது வேறு. "இந்த வாட்டர் ஹீட்டரை நீ பார்த்துவிட்டு வா, நான் எழுதிக்கொள்கிறேன்" என்று மூத்த இன்ஸ்பெக்டர் உங்களை அனுப்புவது வேறு. இரண்டாவது நடந்தால் நீங்கள் இன்ஸ்பெக்‌ஷன் செய்கிறீர்கள்.

சட்டத்தின் பார்வையில் இன்ஸ்பெக்‌ஷன் என்பது வீட்டின் கட்டமைப்பு, மின்சாரம், குழாய், ஏசி போன்றவற்றின் நிலை பற்றி எழுத்தாலோ வாயாலோ சொல்லும் கருத்து. வாய்மொழியும் சேர்த்தி என்பதைக் கவனியுங்கள். புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். சமையலறையில் நிற்கும் வாடிக்கையாளர் "தம்பி, இந்த விரிசல் ஒன்றும் இல்லைதானே?" என்று கேட்கும்போது நீங்கள் சொல்லும் ஒரு "ஆமாம்" கூட ஒரு கருத்துதான்.

யாரெல்லாம் விண்ணப்பிக்கலாம்?

18 வயது நிறைந்திருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனாகவோ, நாட்டுக்குள் சட்டப்படி அனுமதிக்கப்பட்டவராகவோ இருக்க வேண்டும். நேர்மை, நம்பகத்தன்மை பற்றி டிரெக் வைத்திருக்கும் அளவுகோலைத் தாண்ட வேண்டும். இவற்றோடு, உங்களுக்கு ஸ்பான்சராக இருக்கச் சம்மதிக்கும், நடப்பில் உள்ள உரிமம் கொண்ட ஒரு புரொஃபஷனல் இன்ஸ்பெக்டர் வேண்டும். மற்றவற்றையெல்லாம் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம். ஸ்பான்சரைத் தேடுவதில்தான் மாதங்கள் போகும்.

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் மட்டும் செய்யலாமா?

சம்பளம் வாங்கிச் செய்ய முடியாது. எச்1பி உங்களை ஸ்பான்சர் செய்த நிறுவனத்தின் வேலைக்கு மட்டுமே அனுமதி தருகிறது. உரிமம் தருவது மாநிலம், வேலை அனுமதி தருவது மத்திய அரசு. ஒன்று கையில் இருப்பதால் மற்றது வந்துவிடாது. "பணம் வாங்காமல் செய்தால் சரி" என்று நண்பர்கள் சொல்வார்கள். அதை நம்பி இறங்காதீர்கள். பிறர் சம்பளத்துக்குச் செய்யும் வேலையை இலவசமாகச் செய்வதும் குடிவரவு விதிகளில் சிக்கலைக் கிளப்பக்கூடும். ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் அடி எடுத்து வைக்க வேண்டாம்.

எச்4 விசாவில் இருப்பவர்களின் நிலை வேறு. 2015 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதியின்படி, தகுதி உள்ள எச்4 துணைவர்கள் வேலை அனுமதி அட்டை பெறலாம். அந்த அட்டை எந்த ஒரு நிறுவனத்தோடும் கட்டிப்போடாதது. அது கையில் இருந்தால் வேலை அனுமதி அளவில் தடை இல்லை. அட்டை முடியும் தேதியைக் கண்ணில் வைத்திருங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது.

படிப்பு, தேர்வு ஏதாவது உண்டா?

அப்ரென்டிஸ் படிக்கு முன்கூட்டிய வகுப்பும் இல்லை, தேர்வும் இல்லை. அவை மேல்படிகளுக்கு. இதனாலேயே சிலர் இதை இலேசான உரிமம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒன்றும் தெரியாதவருக்குக்கூட உரிமம் கிடைக்கிறது என்றால், அவருக்குப் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் எப்போதும் நிற்பார் என்ற நம்பிக்கையில்தான் அதைத் தருகிறார்கள். அந்த ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் இந்த உரிமத்தில் மிச்சம் எதுவும் இல்லை.

விண்ணப்பம் எப்படிப் போகும்?

டிரெக் இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். விதியில் உள்ள அப்ரென்டிஸ் கட்டணம் 60 டாலர். மேல்படிகளுக்கு 100, 120 என்று ஏறும். கட்டணங்கள் மாறக்கூடியவை, ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் இணையதளத்தில் பார்த்துக் கட்டுங்கள். ஸ்பான்சர் சம்மதப் படிவம் சேர வேண்டும். பிறகு விரல் ரேகை. வேறு ஏதோ வேலைக்காக முன்பே ரேகை கொடுத்திருந்தாலும், டிரெக்குக்கு என்று தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். ரேகையை வைத்துப் பின்னணிச் சோதனை நடக்கும். விண்ணப்பம் ஒரு வருடம் உயிரோடு இருக்கும். அதற்குள் எல்லாவற்றையும் முடிக்காவிட்டால் கட்டணத்தை மறுபடி கட்டி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. விண்ணப்பித்தால் நிராகரித்துவிடுவார்களா?

வழக்கின் தன்மை, எவ்வளவு காலம் ஆயிற்று, அதற்குப் பிறகு எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதையெல்லாம் பார்ப்பார்கள். முழு விண்ணப்பத்துக்கும் முன்பே "நான் தகுதியானவனா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி ஒன்றை டிரெக் வைத்திருக்கிறது. ஸ்பான்சரைத் தேடி அலைவதற்கு முன் அதைப் பயன்படுத்துங்கள். மறைத்து எழுதுவது மட்டும் வேண்டவே வேண்டாம். பழைய குற்றத்தை மன்னிக்கக்கூடியவர்கள்கூட, நேர்மையை அளக்கும் படிவத்தில் எழுதிய பொய்யை மன்னிக்க மாட்டார்கள்.

"நேரடி மேற்பார்வை" என்றால் சரியாக என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சட்டம் நேரடி மேற்பார்வைக்கு மூன்று நிபந்தனை வைக்கிறது. மேற்பார்ப்பவர் உங்கள் செயலுக்குப் பொறுப்பாளியாக இருக்க வேண்டும். தேவைப்படும்போது ஆலோசனை சொல்லவும் உதவவும் கிடைக்க வேண்டும். இன்ஸ்பெக்‌ஷன் நடக்கும் நேரத்தில், நடக்கும் இடத்தில், அவர் உடலோடு இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனைதான் அப்ரென்டிஸை மற்றவர்களிடமிருந்து பிரிக்கிறது. நடுப்படியில் உள்ள ரியல் எஸ்டேட் இன்ஸ்பெக்டருக்கு மறைமுக மேற்பார்வை போதும். அவருக்கு முதல் இரண்டு நிபந்தனைகள் மட்டுமே. ஸ்பான்சர் போனில் கிடைத்தால் சரி.

அப்ரென்டிஸுக்குப் போன் போதாது. வீடியோ காலும் போதாது. இரவு உட்கார்ந்து படங்களைப் பார்த்து அறிக்கையைத் திருத்துவதும் போதாது. ஊரில் எல் போர்டு மாட்டிய கார் ஓட்டிப் பழகும்போது சொல்லிக்கொடுப்பவர் பக்கத்து இருக்கையில் இருப்பாரே, அப்படி. அவர் வீட்டில் உட்கார்ந்து போனில் "இப்போது பிரேக் போடு" என்று சொல்ல முடியாது.

இந்த விதியில் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், தவறவிட்ட குறையைப் பிறகு படத்தில் பிடிக்க முடியாது. எடுக்காத படத்தை யார் திருத்துவது? வாட்டர் ஹீட்டரின் அழுத்த வால்விலிருந்து போகும் குழாய் சரியான இடத்தில் முடிகிறதா, மின்பெட்டியில் அலுமினியக் கம்பி வந்து சேர்கிறதா, குளியலறை மின்விசிறி ஈரக்காற்றை வெளியே விடாமல் கூரைக்கு அடியில் உள்ள அட்டிக்குக்குள்ளேயே ஊதுகிறதா? இவையெல்லாம் பார்க்கத் தெரிந்த கண்ணுக்குத்தான் படும். அந்தக் கண் உங்களிடம் இன்னும் இல்லை, அதற்காகத்தான் பயிற்சி. அது வரும்வரை வீடு வாங்குகிறவருக்கு உரிய பாதுகாப்பு, பக்கத்தில் நிற்கும் மூத்தவர்தான்.

என் ஸ்பான்சர் பக்கத்துத் தெருவில் இன்னொரு வீட்டைப் பார்க்கிறார். "நீ ஆரம்பி, நான் அரை மணி நேரத்தில் வருகிறேன்" என்கிறார். செய்யலாமா?

கூடாது. அவர் வரும்வரை வெளியே காத்திருங்கள். வீட்டின் வெளிப்புறத்தைப் பொதுவாகப் படம் எடுத்து வைக்கலாமே என்று தோன்றும். அதையும் செய்யாமல் இருப்பதே நல்லது. எங்கே படம் எடுப்பது முடிந்து எங்கே இன்ஸ்பெக்‌ஷன் தொடங்கியது என்று பிறகு விளக்க முடியாது.

மூத்தவரிடம் "முடியாது" என்று சொல்ல நமக்குத் தயக்கமாக இருக்கும். அதுவும் தேடிப் பிடித்த ஸ்பான்சர் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனாலும் சொல்லுங்கள். "சார், நீங்கள் வந்த பிறகு தொடங்குகிறேன். இல்லையென்றால் உங்கள் உரிமத்துக்கும் ஆபத்து" என்றால் போதும். நல்ல ஸ்பான்சராக இருந்தால் மறுமுறை நேரத்தை மாற்றிப் போடுவார். இதற்குக் கோபித்துக்கொள்கிறவராக இருந்தால், உங்களுக்கு வேறு ஸ்பான்சர் வேண்டும் என்று அர்த்தம். ஒரே நாளில் இரண்டு வீட்டுக்குக் கட்டணம் வாங்குவதற்காக அப்ரென்டிஸைத் தனியாக அனுப்புவது இந்தத் தொழிலில் அறியாத விஷயம் அல்ல. அப்படி நடக்கும் இடத்தில் நீங்கள் கற்கப்போவதும் ஒன்றும் இல்லை.

ஸ்பான்சரை எப்படிக் கண்டுபிடிப்பது? அவரிடம் என்ன கேட்க வேண்டும்?

டிரெக் இணையதளத்தில் உரிமம் பெற்றவர்களைப் பெயரை வைத்துத் தேடலாம். உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பது அதிலேயே தெரியும். அவர் மீது எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கைகளையும் டிரெக் வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் யாரிடமும் போகாதீர்கள்.

பலர் தெரியாதவர்களை எடுத்துக்கொள்ளத் தயங்குவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் செய்யும் தவறுக்கு அவர் பொறுப்பு, அவர் நேரம் போகிறது, நாளை நீங்கள் அதே ஊரில் போட்டியாகக் கடை திறக்கலாம். அதனால் "எனக்கு ஸ்பான்சர் செய்யுங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்பி உட்கார்ந்திருந்தால் பதில் வராது. இன்ஸ்பெக்டர் சங்கங்களின் உள்ளூர்க் கூட்டங்களுக்குப் போங்கள். மூன்று நான்கு முறை முகம் காட்டிய பிறகு கேளுங்கள். ஏணி தூக்கவும், தரைக்குக் கீழே தவழ்ந்து போகவும், மத்தியான வெயிலில் கூரை ஏறவும் தயாராக இருப்பவருக்குக் கதவு திறக்கும்.

கிடைத்த முதல் ஆளிடம் தலையாட்டிவிடாதீர்கள். வாரத்தில் எத்தனை வீட்டுக்கு என்னைக் கூட்டிப் போவீர்கள்? ஒவ்வொன்றிலும் கடைசிவரை இருப்பீர்களா? அறிக்கையில் நான் ஒரு பகுதியை எழுதி, அதை நீங்கள் திருத்திக் காட்டுவீர்களா? உங்கள் இன்சூரன்ஸ் நான் செய்யும் வேலைக்கும் பொருந்துமா? நான் பங்கெடுத்த இன்ஸ்பெக்‌ஷன்களின் பதிவை யார் வைத்திருப்பது? இதையெல்லாம் கேளுங்கள். கடைசிக் கேள்வி மிக முக்கியம். அடுத்த படிக்கு எண்ணிக்கை காட்ட வேண்டிய நாளில் ஸ்பான்சரோடு மனத்தாங்கல் இருந்தால், கையில் சொந்தப் பதிவு இல்லாதவர் திண்டாடிப்போவார். முதல் நாளிலிருந்தே தேதி, முகவரி, உடன் இருந்தவர், நீங்கள் பார்த்த பகுதிகள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

சம்பளம் கிடைக்குமா?

அது ஸ்பான்சரோடு பேசிக்கொள்வது. சிலர் மணிக்கணக்கில் தருவார்கள், சிலர் வீட்டுக்கு இவ்வளவு என்பார்கள். சிலர் ஆரம்பத்தில் ஒன்றும் தரமாட்டேன் என்பார்கள். உங்களை ஊழியராக வைக்கிறாரா, தனி ஒப்பந்தக்காரராக வைக்கிறாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தக்காரர் என்றால் சுயதொழில் வரி 15.3 சதவீதத்தையும் நீங்களேதான் கட்ட வேண்டும். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை என்பது ஓர் ஆறுதல். வாடிக்கையாளரின் பணம் ஸ்பான்சரிடம் போகட்டும், நீங்கள் நேரடியாக வாங்காதீர்கள்.

நண்பர் வீடு வாங்குகிறார். "உனக்குத்தான் இப்போது லைசன்ஸ் இருக்கிறதே, வந்து பார்த்துச் சொல்லேன்" என்கிறார். போகலாமா?

வாட்ஸ்அப் குழுவில் உங்களுக்கு உரிமம் வந்த செய்தி பரவியதும் வரும் முதல் அழைப்பு இதுதான். நண்பனாகப் பால் காய்ச்சும் நாளில் போங்கள். ஆப்ஷன் பீரியடில் தனியாகப் போய்க் கருத்துச் சொல்லாதீர்கள். உங்கள் உரிமம் ஸ்பான்சர் கூட நிற்கும் இடத்தில் மட்டும் செல்லுபடியாகும் உரிமம். அந்த வீட்டை ஸ்பான்சர் வழியாக முறையாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள், நீங்களும் கூடப் போகலாம். நண்பருக்கு எழுத்தில் ஓர் அறிக்கையும் கிடைக்கும், அதற்குப் பின்னால் ஓர் இன்சூரன்ஸும் இருக்கும். "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது மச்சி" என்று நீங்கள் சொன்னதை நம்பி வாங்கிய வீட்டில் ஆறு மாதம் கழித்து அஸ்திவாரம் இறங்கினால், நட்பையும் அதே குழியில்தான் தேட வேண்டும்.

அறிக்கையில் என் பெயர் வருமா?

டிரெக் வெளியிட்ட அறிக்கைப் படிவத்தில்தான் எழுத வேண்டும். அதில் இன்ஸ்பெக்டரின் பெயர், உரிம எண்ணுக்கு இடம் இருக்கிறது. ஸ்பான்சர் உள்ளவரானால் ஸ்பான்சரின் பெயர், எண்ணுக்கும் இடம் இருக்கிறது. இரண்டையும் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு உறுப்புக்கும் நேராக நான்கு கட்டங்கள்: பார்த்தது, பார்க்காதது, அந்த வீட்டில் இல்லாதது, குறையுள்ளது. புதியவர்கள் "பார்க்காதது" கட்டத்தில் குறியிட வெட்கப்படுகிறார்கள். அட்டிக்கின் ஒரு மூலைக்குப் போக முடியவில்லை என்றால், போக முடியவில்லை என்றும் ஏன் என்றும் எழுதுங்கள். போகாத இடத்தைப் பார்த்ததாகக் குறித்தால் அது பொய்.

நான் ஊரில் சிவில் இன்ஜினியரிங் படித்தவன். எனக்கும் பயிற்சி தேவையா?

தேவை. மேற்பார்வை விதியில் பட்டத்துக்குச் சலுகை இல்லை. அதைவிட, நாம் ஊரில் படித்தது கான்கிரீட் தூண், உத்தரம், செங்கல் சுவர். டெக்சஸ் வீடு மரச்சட்டத்தில் நிற்கிறது. வெளியே தெரியும் செங்கல் பெரும்பாலும் பாரம் தாங்காத போர்வை. அதன் அடியில் ஆங்காங்கே விடும் சிறு இடைவெளிகள் தண்ணீர் வடிவதற்கானவை. நம் ஊர்க் கண்ணுக்கு அவை கொத்தனார் மறந்துபோன ஓட்டைகளாகத் தெரியும். வீட்டுக்காரர் யாரோ அதை சிமென்ட் வைத்து அடைத்திருந்தால், அது குறையாக எழுத வேண்டிய விஷயம்.

அஸ்திவாரம் இன்னும் பெரிய பாடம். டல்லாஸ் பக்கம் கரிசல் மண், ஹூஸ்டனில் ஒட்டும் களிமண். மழையில் ஊதி, கோடையில் சுருங்கும். அதன் மேல் இழுத்துக் கட்டிய கம்பிகள் கொண்ட கான்கிரீட் பலகையில் வீடு உட்கார்ந்திருக்கிறது. கோவில்பட்டிக் கரிசலில் வீடு கட்டியவர்களுக்கு இந்த மண்ணின் குணம் புதிதல்ல. அஸ்திவாரம் எப்படிச் செயல்படுகிறது என்று இன்ஸ்பெக்டர் தன் கருத்தை எழுத்தில் தர வேண்டும் என்று டெக்சஸ் தர விதி கேட்கிறது. கதவு ஒரு பக்கம் தேய்கிறதா, ஜன்னல் மூலையில் மாடிப்படி போல விரிசல் போகிறதா, தரை சாய்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் அந்தக் கருத்து முதிரும். மாநிலத்தின் இன்ஜினியர் உரிமம் இல்லாமல் அதைப் பொறியாளர் கருத்து என்று சொல்லிக்கொள்ளவும் கூடாது.

கரையான், பூஞ்சை பற்றியும் எழுதலாமா?

கரையான் சோதனைச் சான்று தருவதற்கு டெக்சஸ் வேளாண்மைத் துறையின் உரிமம் தனியாக வேண்டும். பூஞ்சை மதிப்பீட்டுக்கும் தனி உரிமம் உண்டு. அது வேறு துறையின் கையில். அப்ரென்டிஸ் உரிமம் இரண்டையும் தொடாது.

குறையைக் கண்டுபிடித்த நானே அதைச் சரிசெய்து கொடுக்கலாமா?

முடியாது. விற்பனை ஒப்பந்தத்தை ஒட்டிச் செய்த இன்ஸ்பெக்‌ஷனோடு சேர்த்துப் பழுது பார்க்கும் வேலையையும் ஒப்புக்கொள்வதைச் சட்டம் தடுக்கிறது. அதே விற்பனையில் தரகராக இரட்டை வேடம் போடுவதும், குறிப்பிட்ட முடிவு வரும்படி எழுதித் தருவதாக ஒப்புக்கொள்வதும் தடை. உங்கள் அண்ணன் பிளம்பராக இருந்தால் அவர் எண்ணை வாடிக்கையாளரிடம் நீட்டும் முன் ஸ்பான்சரிடம் பேசுங்கள்.

அட்டிக்கில் ஏறப் பயமாக இருக்கிறது. ஏறாமல் சமாளிக்க முடியுமா?

ஜூலை மாத மத்தியானத்தில் டெக்சஸ் அட்டிக் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பயம் நியாயமானது. ஆபத்து என்று தெரிந்த இடத்துக்குள் போகச் சொல்லி விதி உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. போகாத காரணத்தை எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எல்லா அட்டிக்கையும் வாசலில் நின்று டார்ச் அடித்து முடிப்பவர் நல்ல இன்ஸ்பெக்டர் ஆக மாட்டார். கூரைக் கசிவும், அறுந்த ஏசி குழாயும், எரிந்த ஒயரும் அங்கேதான் இருக்கின்றன. காலை முதல் வேலையாக அட்டிக்கை முடியுங்கள். மரச்சட்டத்தின் மேல் மட்டும் கால் வையுங்கள். வெப்பத்தைத் தடுக்கப் பரப்பிய பஞ்சுக்கு அடியில் வெறும் ஜிப்சம் பலகை இருக்கும், மிதித்தால் கீழ் அறைக்குள் வந்துவிடுவீர்கள். தலைசுற்றல் வந்த நொடியில் இறங்குங்கள். ஏறும்போது கீழே ஒருவருக்குத் தெரிய வேண்டும். ஸ்பான்சர் கூட இருக்க வேண்டும் என்ற விதி வாடிக்கையாளரை மட்டும் காப்பதில்லை என்று அப்போது புரியும்.

ஸ்பான்சர் தொழிலை விட்டுவிட்டால் என் உரிமம் என்ன ஆகும்?

செயலற்ற நிலைக்குப் போகும். புதிய ஸ்பான்சர் டிரெக்கில் பதிவாகும்வரை ஒரு வீட்டிலும் கால் வைக்கக் கூடாது. "பேசிவிட்டேன், படிவம் அடுத்த வாரம் போகும்" என்பது பதிவு ஆகாது. உரிமம் செயலில் இருக்கிறது என்று இணையதளத்தில் நீங்களே பார்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். அவருடைய உரிமம் காலாவதியானாலும் உங்களுக்கு இதே நிலைதான், ஆகவே அவருடைய புதுப்பிப்புத் தேதியையும் குறித்து வைத்திருங்கள்.

அடுத்த படிக்கு எப்போது போகலாம்?

அனுபவ வழியில் சட்டம் போட்டிருக்கும் கணக்கு: அப்ரென்டிஸாக குறைந்தது மூன்று மாதம், நேரடி மேற்பார்வையில் 25 இன்ஸ்பெக்‌ஷன், அதற்குரிய வகுப்புகள். இது ரியல் எஸ்டேட் இன்ஸ்பெக்டர் படிக்கு. அங்கே பன்னிரண்டு மாதமும், மறைமுக மேற்பார்வையில் 175 இன்ஸ்பெக்‌ஷனும் முடித்தவர் புரொஃபஷனல் படிக்குப் போகலாம்.

அப்ரென்டிஸ் ஆகாமலே நேராக மேல்படிக்குப் போக முடியுமா?

முடியும். மாற்றுப் பாதையில் மொத்தம் 194 மணி நேரப் படிப்பு. அதில் 40 மணி நேரம், மூத்த இன்ஸ்பெக்டரோடு உண்மையான வீடுகளைப் பார்க்கும் களப்பயிற்சி. பிறகு தேர்வு. தேசிய வீட்டு இன்ஸ்பெக்டர் தேர்வில் 200 கேள்விகள், நான்கு மணி நேரம். 200 முதல் 800 வரை உள்ள அளவுகோலில் 500 எடுத்தால் தேர்ச்சி. அதோடு டெக்சஸ் சட்டப் பகுதியும் உண்டு. உரிமம் எடுக்கும்போது ஒரு சம்பவத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர் பொறுப்புக் காப்பீடும் காட்ட வேண்டும். புதுப்பிக்கும்போது 32 மணி நேரத் தொடர்கல்வி.

இன்று பெரும்பாலோர் இந்த வழியைத்தான் விரும்புவார்கள். விரைவானது, ஸ்பான்சர் தேடி அலைய வேண்டாம். நான் அப்ரென்டிஸ் பாதையின் பக்கம். 40 மணி நேரத்தில் பார்க்கக்கூடிய வீடுகள் சிலவே. கட்டி இரண்டு வருடமான பிரிஸ்கோ வீட்டையும், 1950களில் தூண் மேல் கட்டிய டல்லாஸ் வீட்டையும் ஒரே வாரத்தில் பார்த்துப் பழகியவருக்கு வரும் நிதானம் வகுப்பறையில் வராது. வகுப்பு வழியில் போவதென்று முடிவு செய்தாலும், கூடவே அப்ரென்டிஸ் உரிமமும் எடுத்துச் சில மாதம் ஒருவர் பின்னால் சுற்றுங்கள். கட்டணம் ஒன்றும் பெரிதல்ல.

வீடு வாங்கியவருக்கு இழப்பு வந்தால் யார் கொடுப்பது?

பொறுப்பு முதலில் ஸ்பான்சருடையது, அவர் இன்சூரன்ஸ் முன்னால் நிற்கும். இன்ஸ்பெக்டருக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கியும் பணம் வசூலாகாதவர்களுக்காக மாநிலம் முன்பு ஒரு நிதி வைத்திருந்தது, இப்போது அது இல்லை. வாங்குகிறவருக்கு உண்மையான காப்பு, அன்று அந்த வீட்டில் ஒழுங்காக நடந்த வேலைதான்.

வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் இந்த உரிமம் செல்லுமா?

செல்லாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதி. நியூயார்க் 140 மணி நேரப் படிப்பு கேட்கிறது, அதில் 40 களத்தில். நியூஜெர்சியில் 180, அதிலும் 40 களத்தில். கலிபோர்னியாவில் வீட்டு இன்ஸ்பெக்டருக்கு மாநில உரிமமே கிடையாது. தேசியத் தேர்வில் நீங்கள் பெற்ற தேர்ச்சியைப் பல மாநிலங்கள் ஏற்கும். டெக்சஸில் அப்ரென்டிஸாகச் செய்த இன்ஸ்பெக்‌ஷன்களை எண்ணுவார்களா என்பது அந்தந்த மாநில வாரியத்தின் முடிவு. கேட்கும்போது காட்ட உங்கள் நோட்டையும், ஸ்பான்சரின் கையெழுத்துள்ள ஒரு கடிதத்தையும் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள்.